படித்த ஊர் திருச்சி, பட்டம் தந்த ஊர் மெட்ராஸ்

என் பெரியப்பா பி.எஸ்சி. படித்தது திருச்சியில். மூன்று வருஷம் விடுதியில் தங்கி, அங்கேயே வகுப்புக்குப் போய், தேர்வையும் அங்கேயே எழுதி, 1974-இல் பட்டதாரியாக வெளியே வந்தார். ஆனால் அவருடைய டிகிரி சர்டிபிகேட்டில் இருந்தது மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் பெயர். அதுவரை அவர் மெட்ராஸுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. சின்ன வயதில் அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "திருச்சியில படிச்சேன்னு சொல்றீங்க, இதுல மெட்ராஸ்னு போட்டிருக்கே பெரியப்பா?" என்று கேட்டேன். "அது காலேஜ்டா, இது யுனிவர்சிட்டி" என்றார். அவருக்கு அது போதுமான பதிலாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

இன்றைக்கும் பலருக்குக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். ஐந்தாறு ஏக்கரில் ஒரு கல்லூரி. அதற்குச் சொந்த முதல்வர், சொந்த ஆசிரியர்கள், சொந்தக் கட்டணம். ஆனால் கேள்வித்தாளும் பட்டமும் வேறெங்கிருந்தோ வருகின்றன. இந்த உறவு புரிந்தால் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாறும் புரிந்துவிடும். தமிழ்நாட்டில் இதற்கு மூத்த உதாரணம் சென்னைப் பல்கலைக்கழகம். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சில பெயர்கள். மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் நடப்பது மாநிலப் பல்கலைக்கழகம். நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது மத்தியப் பல்கலைக்கழகம். திருவாரூரில் இருப்பது அந்த வகை. நிகர்நிலை என்பது சட்டமன்றச் சட்டம் இல்லாமல், மத்திய அரசின் அறிவிப்பால் அந்தத் தகுதி பெற்ற கல்வி நிறுவனம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆளுநர்தான் வேந்தர், துறை அமைச்சர் இணைவேந்தர். அன்றாடம் நிர்வாகத்தை நடத்துகிறவர் துணைவேந்தர். பெயரில் 'துணை' இருந்தாலும் முழுப் பொறுப்பும் அவர் தலையில்தான். செனட் பெரிய அவை, சிண்டிகேட் முடிவெடுக்கும் சிறிய குழு. ஆளுநர் ஏன் வேந்தர் என்று கேட்டால், 1857-ஆம் வருஷச் சட்டத்திலேயே மெட்ராஸ் கவர்னரை வேந்தர் என்று எழுதிவைத்தார்கள், அந்த வழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்துவிட்டது. துணைவேந்தரை நியமிப்பது யார் என்று மாநில அரசுக்கும் ஆளுநருக்கும் நடக்கும் இழுபறியைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் அவ்வளவு பழையது.

இனி முக்கியமான சொல்: இணைவு. கல்லூரிக்காரர்கள் பேச்சில் அஃபிலியேஷன். ஒரு கல்லூரி தொடங்க நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பிப்பார்கள். ஆய்வுக் குழு வந்து கட்டடம், நூலகம், சோதனைக்கூடம், ஆசிரியர்களின் தகுதி எல்லாவற்றையும் பார்க்கும். சரி என்றால் இன்னின்ன பாடத்துக்கு இத்தனை மாணவர் என்று அனுமதி தரும். அதன்பின் வகுப்பெடுப்பது கல்லூரியின் வேலை. பாடத்திட்டம் எழுதுவது, கேள்வித்தாள் தயாரிப்பது, ஹால் டிக்கெட் அனுப்புவது, விடைத்தாள் திருத்துவது, பட்டம் கொடுப்பது ஆகியவை பல்கலைக்கழகத்தின் வேலை. இப்படி ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்து வைத்திருப்பதால் இதை இணைவுப் பல்கலைக்கழகம் என்கிறோம்.

இந்த ஏற்பாடு நம் ஊரில் முளைத்தது இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1836-இல் இப்படித்தான் தொடங்கியது. அந்த அச்சை அப்படியே எடுத்துத்தான் இங்கே ஊற்றினார்கள்.

ஒரு மனு, அப்புறம் பதினெட்டு வருஷம்

பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கேள்வி முதலில் எழுந்தது மக்களிடமிருந்து. 1839 நவம்பர் 11-ஆம் தேதியிட்ட ஒரு மனு கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் போனது. மெட்ராஸ் ராஜதானியில் உயர்கல்விக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று கேட்ட அந்த மனுவில் சுமார் 70,000 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தந்தியும் ரயிலும் இல்லாத காலத்தில் அத்தனை கையெழுத்தைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான். பல்கலைக்கழகம் வெள்ளைக்காரன் கொடுத்தது என்று யாராவது சொன்னால் இந்த 70,000 பேரை நினைத்துக்கொள்வேன்.

அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் முன்னால் நின்றார். 1840 ஜனவரியில் அவர் தலைமையில் பல்கலைக்கழக வாரியம் ஒன்று அமைந்தது. பச்சையப்பர் விட்டுச் சென்ற பணம் பள்ளிக்கூடமாக மாறியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. வாரியத்தின் கீழ் 1841-இல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். அதுதான் வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. பல்கலைக்கழகம் மட்டும் வரவில்லை. 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கொள்கை அறிக்கைக்குப் பிறகே வேலை நகர்ந்தது. 1857 செப்டம்பர் 5-இல் சட்டம் நிறைவேறியது. அதே வருஷம் ஜனவரியில் கல்கத்தாவுக்கும் ஜூலையில் பம்பாய்க்கும் இதேபோன்ற சட்டங்கள் வந்திருந்தன. வடக்கே சிப்பாய்களின் எழுச்சி நடந்துகொண்டிருந்த வருஷம் அது.

சரி, பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அதில் போய் யார் படித்தார்கள்? யாருமே இல்லை. படிக்க அங்கே வகுப்பே கிடையாது. தேர்வு வைப்பதும் பட்டம் தருவதும் மட்டும்தான் அதன் வேலை. ஏறக்குறைய அறுபது வருஷம் அப்படியே ஓடியது.

அதனால் அந்தக் காலத்து மனிதர்களைத் தேடுகிறவர்கள் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் சேப்பாக்கத்தில் தேடிப் பயனில்லை. கல்லூரிகளில்தான் தேட வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப், மதுரை அமெரிக்கன் கல்லூரி, கோட்டயம் சி.எம்.எஸ்., திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, மைசூர் மகாராஜா கல்லூரி, ஹைதராபாத் நிஜாம் கல்லூரி என்று நான்கைந்து மொழி பேசும் நிலம் முழுக்க ஒரே கேள்வித்தாள் போய்க்கொண்டிருந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று எதிர்ப்பு கிளம்பியபோது மன்னர் அனுமதி தந்தார். அந்தப் பெண் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-இல் மருத்துவராக வெளிவந்தார். அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி. இந்தக் கதை புதுக்கோட்டைக்கும் சொந்தம், மருத்துவக் கல்லூரிக்கும் சொந்தம், பல்கலைக்கழகத்துக்கும் சொந்தம். இணைவுப் பல்கலைக்கழகத்தின் வரலாறு என்றாலே இப்படித்தான், ஒருவரே மூன்று இடத்தின் பட்டியலிலும் வருவார்.

முதல் இரண்டு பட்டதாரிகள்

பல்கலைக்கழகம் பிறந்த 1857-லேயே பி.ஏ. தேர்வில் இரண்டு பேர் தேறினார்கள். சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-இல் தொடங்கிய பட்டிக்கோட்டா செமினரியோடு தொடர்புள்ளவர்கள். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் கடல் கடந்து வந்தவர்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

தாமோதரம் பிள்ளை பட்டத்தோடு நின்றிருந்தால் ஒரு பொது அறிவுக் கேள்வியாக மட்டும் இருந்திருப்பார். அவர் ஏடு தேடி அலைந்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868-இல் அச்சிட்டார். கலித்தொகையை 1887-இல் கொண்டுவந்தார். சங்க நூல்கள் அச்சேறிய வரலாற்றை உ.வே. சாமிநாதையரிடமிருந்து மட்டும் தொடங்குகிறவர்கள் இவரை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆங்கிலப் பட்டம் வாங்கிய முதல் ஆள், செல்லரித்த தமிழ் ஏட்டைக் காப்பாற்றத் தன் காலத்தையும் காசையும் செலவழித்தார்.

தேர்வுக்கு ஒரு மாளிகை

மெரினாவின் வடக்கு முனையில், கூவம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாலாஜா சாலை ஓரமாகச் சிவப்புச் செங்கல்லில் நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த ஒரு கட்டடம் நிற்கிறது. அதுதான் செனட் ஹவுஸ். ராபர்ட் சிசம் வரைந்தது, 1879-இல் முடிந்தது. கடற்கரைச் சாலையில் தெற்கே நிற்கும் மாநிலக் கல்லூரிக் கட்டடமும் அவர் கைவண்ணம்தான். நவாபின் சேப்பாக்கம் அரண்மனை பக்கத்தில் இருந்ததால், அதற்குப் பொருந்துகிற மாதிரி வளைவும் மாடமுமாக, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ சாரசெனிக் பாணியில் கட்டினார்.

அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் நடுவே இருப்பது ஒரு மாபெரும் மண்டபம். வகுப்பறைகள் இல்லை. வகுப்பு நடத்தாத பல்கலைக்கழகத்துக்கு எது தேவையோ அதைக் கட்டியிருக்கிறார்கள்: தேர்வும் பட்டமளிப்பு விழாவும் செனட் கூட்டமும் நடக்க ஒரு கூடம். நிறுவனத்தின் சட்டத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் அதன் முதல் கட்டடத்தைப் பார்த்தாலே போதும்.

1937-இல் அந்தக் கூடத்துக்கு வேறொரு வேலையும் வந்தது. 1935-ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டத்தின்படி தேர்தல் நடந்து ராஜாஜி அமைச்சரவை பொறுப்பேற்றதும், மெட்ராஸ் சட்டமன்றம் ஜூலை மாதம் முதல் அந்த வருஷக் கடைசி வரை செனட் ஹவுஸில்தான் கூடியது. வளாகத்தில் இருக்கும் சிலைகளில் ஒன்று எஸ். சுப்பிரமணிய ஐயருடையது. 1904-இல் பொறுப்புத் துணைவேந்தராக இருந்தவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர்.

தேர்வில் தோற்றவர்

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இது.

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் மெட்ரிகுலேஷனில் நன்றாகத் தேறி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போனது. பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பி.ஏ.வுக்கு முந்தைய படியான எஃப்.ஏ. தேர்வு எழுதினார். தோற்றார். மறுபடி எழுதினார், மறுபடியும் தோற்றார். இன்றைய பேச்சில் சொன்னால் அரியரோடு வெளியேறியவர். அன்றைய பல்கலைக்கழகம் எப்படிப்பட்ட இடம் என்று மேலே பார்த்தோம். தேர்வுதான் அதன் ஒரே கதவு. அந்தக் கதவு இவருக்கு மூடிவிட்டது.

1912-இல் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இதுவரை எல்லோரும் அறிந்த கதை. நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, இவரை ஆதரியுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. இவரிடம் இளங்கலைப் பட்டம்கூட இல்லை. கணிதப் பாடக்குழு பரிந்துரைத்தது. சிண்டிகேட் விவாதித்து ஒப்புக்கொண்டது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு.

அடுத்த வருஷம் அவர் இங்கிலாந்து போக ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் வந்தது. 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இன்று சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவர் பெயரில் கணித ஆய்வு நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் தொடங்கி, பின்னர் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

ராமானுஜனைத் தோற்கடித்ததும் மெட்ராஸ் பல்கலைக்கழகம், தூக்கிவிட்டதும் மெட்ராஸ் பல்கலைக்கழகம். முதல் பாதியைச் சொல்லி அந்த நிறுவனத்தைத் திட்டுகிறவர்களும், இரண்டாம் பாதியைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வு வைக்கத் தெரிந்த ஒரு அமைப்பு, தன் தேர்வுக்கு வெளியே இருந்த ஒருவரை ஆய்வாளர் என்று ஏற்ற நாள் அது. என் பார்வையில் அது ஒரு பல்கலைக்கழகமாக மாறத் தொடங்கியது அங்கேதான்.

பாடமும் ஆய்வும் உள்ளே வந்த கதை

சட்டப்படி கதவு அதற்குக் கொஞ்சம் முன்பே திறந்திருந்தது. 1904-இல் வந்த இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாங்களே பேராசிரியர்களை நியமித்துக்கொள்ளலாம் என்றது. மெட்ராஸில் 1914-இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறை தொடங்கியது. எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் முதல் பேராசிரியர். அவருக்குப் பின் 1929-இல் வந்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, சோழர் வரலாற்றுக்கு அவரைத் தொடாமல் இன்றும் யாரும் நுழைய முடியாது.

பொருளாதாரத்துக்கு 1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். அவர் செய்த ஒரு காரியம் அழகான மரபாக நின்றுவிட்டது. கல்லூரி மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எவ்வளவு கடன் என்று எழுதிவரச் சொன்னார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சை பாலக்குறிச்சி, திருநெல்வேலி கங்கைகொண்டான் போன்ற கிராமங்களின் கணக்கு 1918-இல் புத்தகமானது. இருபது வருஷம் கழித்து அதே துறை அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனது. பிறகும் வெவ்வேறு தலைமுறை ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நூறு ஆண்டுகளில் ஒரு தமிழ்க் கிராமம் எப்படி மாறியது என்று வீட்டுக் கணக்கோடு பேச முடிகிறதென்றால் அதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். பட்டமளிப்பு விழா அங்கியைவிட இதைத்தான் நான் மரபு என்பேன்.

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. கற்பித்தலும் ஆய்வும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அது தெளிவாக்கியது. இன்றும் அந்தச் சட்டம்தான், திருத்தங்களோடு, நடப்பில் இருக்கிறது.

அதே காலத்தில் உருவானது தமிழ்ப் பேரகராதி. 1913-இல் மதுரை மிஷனரி சாண்ட்லர் பதிப்பாசிரியராக வேலையைத் தொடங்கினார். வின்ஸ்லோவின் பழைய அகராதி அடித்தளம். 1926-இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் ஒரு பின்னிணைப்பு, மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதில் குறைகள் உண்டு, வடமொழி வேர் காட்டுவதில் அன்றே சண்டை வந்தது, இன்றும் தீரவில்லை. ஆனால் அதைக் குறை சொல்ல வேண்டுமென்றாலும் முதலில் அதைத் திறந்துதான் ஆக வேண்டும்.

நூலகத்துக்கு வந்த கணக்கு வாத்தியார்

1924 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு முதல் நூலகர் நியமிக்கப்பட்டார். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகம் பற்றி அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. வந்த சில நாளிலேயே அமைதியும் தனிமையும் தாங்காமல், கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்கள். போனார். அங்கே பொது நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்தார். கடை ஒன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார்: சிறுசிறு துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். புத்தகங்களையும் அப்படிப் பகுக்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் கோலன் பகுப்பு முறை. 1933-இல் வெளியானது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஐந்து விதிகளை எழுதிவிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். உலகம் முழுக்க நூலகவியல் வகுப்பில் முதல் வாரம் சொல்லித்தரும் இந்த ஐந்து வரிகளும் எழுதப்பட்டது மெரினாக் கரையில். கடல் பார்த்து நிற்கும் மணிக்கூண்டு வைத்த நூலகக் கட்டடம் 1936-இல் அவர் காலத்திலேயே வந்தது. பூட்டி வைத்த அலமாரியைத் திறந்து வாசகரையே உள்ளே விட்டவர் அவர். நம் ஊர்ப் பொது நூலகத்தில் நாமே போய்ப் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் அவர் பெயரை நினைக்கலாம். சுதந்திர இந்தியாவில் முதலாவதான 1948-ஆம் ஆண்டு மெட்ராஸ் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர்தான் இருந்தார்.

இருபத்தேழு வருஷத் துணைவேந்தர்

ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்தார். மகப்பேறு மருத்துவர். இரட்டையரில் ஒருவர், மற்றவர் ஏ. ராமசாமி முதலியார். வெள்ளைக்கார ஆட்சியில் பதவிக்கு வந்து, காங்கிரஸ் ஆட்சிகளைக் கடந்து, அண்ணா முதலமைச்சராக இருந்த காலம் வரை அதே நாற்காலியில் இருந்திருக்கிறார். ஒருவரே அத்தனை காலம் இருப்பது நல்லதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கிண்டி, தரமணி என்று பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தைத் தாண்டி விரிந்தது அவர் காலத்து உழைப்பால்தான். தரமணியில் இருக்கும் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

ஆள் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஒரு துணிச்சல் இருந்தது. இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க சி.வி. ராமனைக் கேட்டார். ராமன் தன் மாணவரைக் காட்டினார். 1952-இல் ஜி.என். ராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் வந்தபோது அவருக்கு வயது 29. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. அதற்கான ஆள்களும் பொருளும் பக்கத்திலேயே இருந்தார்கள். கிண்டி வளாகத்தை ஒட்டித்தான் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் மூன்று இழை முறுக்கிய வடிவத்தை முன்வைத்தார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் இன்று உயிர்வேதியியல் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. புரத அமைப்பு ஒன்று சரியா தவறா என்று சோதிக்க இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

மதுரவாயலிலும் பல்கலைக்கழகத்துக்குத் தாவரவியல் கள ஆய்வகம் ஒன்று உண்டு. கரும்பு ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்ற ஜானகி அம்மாள் தன் கடைசி வருஷங்களை அங்கேதான் செடிகளோடு கழித்தார், 1984-இல் அங்கேயே மறைந்தார். மதுரவாயல் என்றால் நமக்குப் பாலமும் போக்குவரத்து நெரிசலும்தான் நினைவுக்கு வருகின்றன.

விழா, அறக்கட்டளை, ஒரு குறள்

மரபு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி, துறைக்கு ஒரு நிறத்தில் தோள்துணி, வேந்தர் தலைமை, வெளியிலிருந்து வரும் ஒருவரின் உரை. நேரில் வராதவர்களுக்குப் பட்டம் தபாலில். அங்கியும் லண்டனிலிருந்து வந்த பழக்கம்தான்; நம் வெயிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது.

அதிகம் பேசப்படாத மரபு அறக்கட்டளைச் சொற்பொழிவு. ஒருவர் தன் தாய் பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் வைப்பார். அதன் வட்டியில் அறிஞர் ஒருவரை அழைத்துப் பேசவைப்பார்கள். பேச்சு பிறகு புத்தகமாகும். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் நல்ல தமிழாய்வு நூல்களை எடுத்துப் பாருங்கள், அதில் சில இப்படி மேடையில் பேசியவையாக இருக்கும்.

முத்திரையில் இருக்கும் வாசகம் லத்தீனில், ஹொரேஸ் என்ற ரோமக் கவிஞரின் வரி. உள்ளே இருக்கும் ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது என்று பொருள். அதற்கு இணையாகத் தமிழில் வைத்தது 'கற்றனைத்தூறும் அறிவும் ஆற்றலும்'. மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவது போல என்று வள்ளுவர் சொன்னதன் நிழல். இரண்டு மொழியும் ஒரே கருத்தில் வந்து முட்டுவது எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.

பிரிந்து போனவர்கள்

தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்கப் பரவியிருந்த பல்கலைக்கழகம் இன்று சென்னையையும் பக்கத்து மாவட்டங்களையும் மட்டும் பார்க்கிறது. வீட்டில் பாகம் பிரிந்தது போலத்தான். 1916-இல் மைசூர் தனியாகப் போனது. 1926-இல் ஆந்திரா. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலை. அது வேறு வகை, கல்லூரிகளை இணைக்காமல் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக அமைந்தது. 1937-இல் திருவிதாங்கூர். தெற்கு மாவட்டங்களுக்கு 1966-இல் மதுரை. பொறியியல் 1978-இல் தனியானது, அதுதான் இன்றைய அண்ணா பல்கலைக்கழகம். 1982-இல் கோவைக்குப் பாரதியார், திருச்சிக்குப் பாரதிதாசன். பின்னர் மருத்துவமும் சட்டமும் தங்களுக்கெனப் பல்கலைக்கழகம் பெற்றுக்கொண்டன. 2002-இல் வேலூர்ப் பக்கத்துக்குத் திருவள்ளுவர்.

1978-இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி போன்ற சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. அதாவது பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், பட்டத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். 1857-இல் இருந்ததைத் திருப்பிப் போட்டது போல என்று நினைத்துப் பார்க்கலாம். அன்று தேர்வு மட்டும் பல்கலைக்கழகத்தின் கையில். தன்னாட்சிக் கல்லூரிகளில் இன்று தேர்வும் போய், முத்திரை மட்டும் அதன் கையில்.

பெரியப்பாவின் சான்றிதழுக்குத் திரும்புகிறேன். அவர் படித்த கல்லூரி இப்போது பாரதிதாசனோடு இணைந்தது. ஆனால் அவர் பட்டம் பெற்றது 1982-க்கு முன். வீடு மாறியதில் அந்தச் சான்றிதழ் தொலைந்துவிட, நகல் கேட்டுக் கல்லூரிக்குப் போனோம். மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். எழுபது வயதில் முதல்முறையாகச் சேப்பாக்கம் வளாகத்துக்குள் நுழைந்தார். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மணிக்கூண்டைக் காட்டி, "இது எதுக்குடா?" என்றார். ரங்கநாதன் கதையைச் சொன்னேன். "உள்ள விடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நூலகப் படிகளைப் பார்த்து நடந்தார்.